வெளிநாட்டுச் சைக்கிள் பயணம்: எந்தப் பூட்டு வாங்குவது?

நம் சங்கத்துப் பிள்ளைகள் இருவர் வரும் கோடையில் ரைன் நதியோரம் சைக்கிளில் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து மலையில் தொடங்கி நெதர்லாந்துக் கடற்கரையில் முடியும் பாதை. 1,200 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஒரு பகுதியை நான் ஓட்டியிருப்பதால், "எந்தப் பூட்டு வாங்கலாம், மாமா?" என்று கேட்டார்கள். மற்றவர்களுக்கும் உதவுமே என்று பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பிய நகரங்களில் சைக்கிள் திருட்டு சாதாரணம். நடுவழியில் வண்டி போனால் பயணமும் போயிற்று. எந்தப் பூட்டும் அறுபடாததல்ல. மின்சாரக் கிரைண்டருக்கு முன் எல்லாம் ஒன்றுதான். திருடனுக்கு நேரத்தையும் சத்தத்தையும் கூட்டுவதே பூட்டின் வேலை.

வகைகளைப் பார்ப்போம்.

1. கேபிள் பூட்டு: எடை சில நூறு கிராம்தான். ஆனால் கையடக்கமான வெட்டுக் கருவிக்கே அறுந்துவிடும். தனியாக நம்பக் கூடாது.

2. யூ பூட்டு: கடினப்படுத்திய எஃகு. நடுத்தர அளவு 1 முதல் 1.5 கிலோ. எடைக்கேற்ற வலிமை இதில்தான் அதிகம். பருத்த கம்பத்தைச் சுற்றி வராது என்பதே குறை.

3. சங்கிலி: நல்லது 2 கிலோவைத் தாண்டும். மேட்டில் மிதிக்கும்போது அந்த எடை தெரியும்.

4. வளையப் பூட்டு: நம் ஊர்ச் சைக்கிளின் பின்சக்கரப் பூட்டேதான். நெதர்லாந்தில் எங்கும் காணலாம். வண்டியை அப்படியே தூக்கிப் போவதை இது தடுக்காது; அதனால் இதில் ஒரு சங்கிலியைச் செருகிக் கம்பத்தோடு பிணைக்கிறார்கள்.

என் யோசனை: ஆளுக்கு ஒரு நடுத்தர யூ பூட்டு, இருவருக்கும் பொதுவாக ஒரு கேபிள், முன்சக்கரங்களுக்கும் பைகளின் கைப்பிடிக்கும்.

வாங்கும்போது தர முத்திரையைப் பாருங்கள். பிரிட்டனில் 'சோல்ட் செக்யூர்' வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறது. நெதர்லாந்தில் 'ஏ.ஆர்.டி.' நட்சத்திரங்கள். காப்பீடு எடுப்பதாக இருந்தால், எந்தத் தரம் கேட்கிறார்கள் என்று முதலில் படித்துவிட்டுப் பூட்டு வாங்குங்கள். பரணில் கிடக்கும் பழைய பூட்டு வேண்டாம். உருளைச் சாவி போட்ட சில யூ பூட்டுகளைப் பேனாவின் பிளாஸ்டிக் குழலாலேயே திறக்கலாம் என்று 2004-இல் அமெரிக்காவில் தெரியவந்தது.

பூட்டும் முறையும் முக்கியம். பின்சக்கரம், சட்டம், அசையாத கம்பி மூன்றையும் யூ பூட்டுக்குள் அடக்குங்கள். உள்ளே வெற்றிடம் குறைந்தால் நெம்புகோல் நுழையாது. பூட்டு தரையைத் தொடக் கூடாது; சுத்தியல் அடிக்குத் தரை துணையாகிவிடும். கம்பத்தின் உயரத்தையும் பாருங்கள். குட்டையான கம்பமானால் வண்டியை மேலே தூக்கி உருவிவிடலாம்.

இரவில் விடுதியில் உள்ளே வைக்க இடம் கேளுங்கள். நெதர்லாந்தின் பெரிய ரயில் நிலையங்களில் காவல் உள்ள நிறுத்துமிடங்கள் உண்டு. உட்ரெக்டில் 2019-இல் முழுமையடைந்தது 12,500 வண்டிகள் கொள்ளும்.

மாற்றுச் சாவியை இன்னொருவர் பையில் வையுங்கள். சட்ட எண், சாவி எண், வண்டியின் படம் மூன்றும் வீட்டில் இருக்கட்டும். போலீஸில் புகார் எழுத அவைதான் தேவை. விமானத்தில் பூட்டைக் கைப்பையில் வைக்காமல், பெரிய பெட்டியில் அனுப்பிவிடுங்கள்.

புறப்படுமுன், முழுச் சுமையோடு நம் காலனி கேட்டிலேயே நாலு முறை பூட்டித் திறந்து பாருங்கள். மழையில், பசியில், அன்னிய ஊரில் கை தானாக அதைச் செய்ய வேண்டும்.