பிளகின் போடுமுன்... போட்ட பின்...

(மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல்)



நம்மில் நிறையப் பேர் படித்துக்கொண்டே வெப்சைட் வேலையும் எடுக்கிறோம். தெருமுனை மளிகைக் கடை, மாமாவின் லேத் பட்டறை, தெரிந்தவர் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வேர்ட்பிரஸ்ஸில் ஒன்றைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறோம். போட்டுக் கொடுப்பது ஒரு வாரத்து வேலைதான். அதற்கப்புறம் அது வருடக்கணக்கில் ஓடணுமே! அந்த ஓட்டத்தைப் பற்றி, அதிலும் பிளகின்களைப் பற்றி, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வேர்ட்பிரஸ் முதலில் வெளிவந்தது 2003 மே மாதம். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் பி2 என்ற பழைய புரோகிராமை எடுத்து வளர்த்ததுதான் அது. பிளகின் வசதி 2004-ல் 1.2 பதிப்பில் வந்தது. தமிழ்ப் பதிப்பில் இதைச் செருகுநிரல் என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் லேப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நானும் பிளகின் என்றே எழுதுகிறேன்.

பிளகின் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒருவர் நம் வெப்சைட்டின் ஒரு பக்கத்தைத் திறக்கிறார். வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் உள்ள ஒரு பட்டியலைப் பார்க்கிறது. எந்தெந்த பிளகின் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதோ, அது ஒவ்வொன்றின் பிஹெச்பி ஃபைலையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுத்த பிறகு வேர்ட்பிரஸ்ஸின் சொந்த கோடுக்கும் பிளகினின் கோடுக்கும் நடுவே சுவர் என்று எதுவும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஒரே ஃபைல் உரிமை. பக்கத்தின் ஓரத்தில் பனி விழுகிற மாதிரி அழகு காட்டும் பிளகினும், நினைத்தால் நம் யூசர் பட்டியலைப் படிக்கலாம், அழிக்கலாம். சுருக்கமாகச் சொன்னால் பிளகின் போடுவது என்பது முன்பின் தெரியாத ஒருவர் கையில் முழு வீட்டுச் சாவியையும் கொடுப்பது. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரிடம் கொடுத்தோம் என்ற கணக்கு வேண்டும் என்கிறேன்.

எங்கள் ஊர் பவானி. அம்மா இருக்கிற மகளிர் சுய உதவிக் குழு ஜமக்காளம் நெய்து விற்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பைப் போட்டு வெளி ஆள் ஒருவரிடம் வெப்சைட் செய்து வாங்கினார்கள். பணம் வாங்கியவர் சில மாதத்தில் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், சைட் என் கைக்கு வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் 34 பிளகின்! ஆறு பக்கம் உள்ள சைட்டுக்கு 34. அதில் 11 டீஆக்டிவேட் செய்து அப்படியே கிடந்தன.

பிளகின் எண்ணிக்கை கூடினாலே சைட் கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான். ஒழுங்காக எழுதிய இருபதை விட மோசமாக எழுதிய ஒன்று அதிகம் இழுக்கும். ஆனால் 34 பேர் எழுதிய கோடை யார் கவனித்துக்கொண்டிருப்பது? எனவே நான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன், இந்த வேலையை வேர்ட்பிரஸ்ஸே செய்யாதா என்று. படங்களைப் பக்கம் கீழே நகர நகர ஏற்றும் லேசி லோடிங் 2020-ல் 5.5 பதிப்பிலேயே வந்துவிட்டது. கூகுளுக்கான சைட்மேப்பும் அதே 5.5-ல் வந்துவிட்டது. இரண்டுக்கும் தனித்தனி பிளகின் இருந்தன. நீக்கினேன், ஒரு குறையும் இல்லை.

தமிழில் சைட் நடத்துபவர்களுக்கு இன்னொன்று. தமிழில் நீளமாகத் தலைப்பு வைத்தால் பக்கத்தின் முகவரி பாதியில் வெட்டுப்படும். ஒரு தமிழ் எழுத்துக்குறி முகவரியில் 9 இடம் பிடிக்கிறது. வேர்ட்பிரஸ் அதற்குக் கொடுப்பது 200 இடம். ஆக 22 குறியோடு சரி, அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் குறி. இதைச் சரிசெய்ய என்றே அந்த சைட்டில் ஒரு பிளகின் போட்டிருந்தார்கள். பக்கத்தை எழுதும் இடத்திலேயே முகவரிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஆங்கில எழுத்தில் இரண்டு வார்த்தை கையால் அடித்தால் முடிந்தது.

கழித்துக் கழித்து 9 மிஞ்சின.

டீஆக்டிவேட் செய்துவிட்டோமே, போதாதா என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். போதாது. டீஆக்டிவேட் என்றால் வேர்ட்பிரஸ் அதைக் கூப்பிடாது, அவ்வளவே. ஃபைல் சர்வரில்தான் இருக்கிறது. வெளியாள் நேராக முகவரி அடித்துக் கூப்பிடலாம். 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில் நடந்ததைப் பாருங்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சைட்களில் இருந்த பிளகின் அது. அதற்குள் இன்னொரு லைப்ரரியின் மாதிரி ஃபைல் ஒன்று இருந்தது, அதை ஓடக்கூடிய பிஹெச்பி ஃபைலாகப் பெயர் மாற்றி விட்டு வைத்திருந்தார்கள். அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டே இல்லாமல் கூப்பிட்டு சர்வரில் எதையும் ஏற்றலாம். 6.9 பதிப்பில் சரி செய்தார்கள், அதற்குள் தாக்குதல் ஆரம்பித்துவிட்டது. ஆகையால் வேண்டாததை டிலீட் செய்துவிடுங்க.

நல்ல பிளகினும் கை மாறும். இது என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று ஒன்று, இரண்டு லட்சம் சைட்டில் இருந்தது. எழுதியவர் 2017-ல் அதை விற்றார். வாங்கியவர் அப்டேட் என்ற பெயரிலேயே திருட்டுக் கதவை உள்ளே வைத்து, மற்றவர் சைட்டில் விளம்பரப் பக்கங்களைப் போட்டார். அதே வருடக் கடைசியில் கேப்ட்சா என்ற பிளகினுக்கும் இதே கதை, அது மூன்று லட்சம். நாம் நம்பியது ஒருவரை, சாவி போய்ச் சேர்ந்தது வேறொருவரிடம். எனவே டைரக்டரியில் பிளகினின் பக்கத்தைப் போடும்போது மட்டும் அல்ல, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் போய்ப் பாருங்கள். கடைசியாக அப்டேட் ஆனது எப்போது, எந்த வேர்ட்பிரஸ் வரை சோதித்திருக்கிறார்கள், ஆசிரியர் பெயர் மாறியிருக்கிறதா, உதவி கேட்டவர்களுக்குப் பதில் போகிறதா? நட்சத்திரத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகினை "நல்டு" என்று சும்மா கொடுக்கிற இடங்கள் உண்டு. கையில் காசு இல்லாத நமக்கு அது பெரிய ஆசை. எனக்கும் புரிகிறது. ஆனால் டபிள்யூபி-விசிடி என்ற மால்வேர் வருடக்கணக்கில் பரவியது இந்த வழியாகத்தான். அந்தப் பக்கம் போகாதீங்க.

அப்டேட் விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. உடனே அழுத்து என்பது ஒரு கட்சி, ஓடுகிற வண்டியைத் தொடாதே என்பது இன்னொன்று. இரண்டுமே முழுசாகச் சரியில்லை. ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தால் அன்றைக்கே போட வேண்டும். ஏனென்றால் பழைய கோடையும் புதிய கோடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று எல்லோருக்குமே தெரிந்துவிடும், திருடனுக்கும்தான். 2024 நவம்பரில் ரியலி சிம்பிள் செக்யூரிட்டி என்ற பிளகினிலேயே பாஸ்வேர்டு இல்லாமல் நுழையும் ஓட்டை கிடைத்தது. 40 லட்சம் சைட்டில் இருந்த பாதுகாப்பு பிளகின்! பூட்டுக்கே பூட்டு இல்லை. மற்றபடி புதிய வசதிகளுக்காக வரும் பெரிய அப்டேட் என்றால், சேஞ்ச்லாகைப் படித்து ஒரு வாரம் பொறுத்துப் போடுவதில் தப்பில்லை. எது வந்தாலும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒன்று போட்டதும் சைட்டை வெளியாள் மாதிரி திறந்து பாருங்கள், பிறகு அடுத்தது. ஒன்பதையும் சேர்த்து அழுத்திவிட்டால், உடைந்தது எதனால் என்று தேடுவதற்கு ராத்திரி போதாது.

பேக்கப் இரண்டு துண்டு: டேட்டாபேஸ் ஒன்று, டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் ஒன்று. அதே சர்வரிலேயே பேக்கப்பை வைத்தால் சர்வர் போகும்போது அதுவும் சேர்ந்து போகும். நான் பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று வைத்திருக்கிறேன். அதைவிட முக்கியம், எடுத்த பேக்கப்பை லேப் கம்ப்யூட்டரில் எக்ஸ்ஏஎம்பிபி போட்டு ஒருமுறை உயிர்ப்பித்துப் பார்த்தேன். திறக்காத பேக்கப்பை நம்பி யாரும் அப்டேட் பட்டனைத் தொட வேண்டாம்.

சைட் வெள்ளையாகிவிட்டால் பதற வேண்டாம். ஹோஸ்டிங் பேனலில் போய் பிளகின்ஸ் என்ற ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், எல்லா பிளகினும் ஒரே அடியில் நின்றுவிடும். டாஷ்போர்டில் நுழைந்து பிளகின் பட்டியலை ஒருமுறை திறங்கள். பிறகு ஃபோல்டருக்குப் பழைய பெயரைக் கொடுத்து ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்தால் குற்றவாளி அகப்படுவான். 2019-ல் வந்த 5.2 பதிப்பு முதல், எந்த பிளகின் கவிழ்த்தது என்று வேர்ட்பிரஸ்ஸே அட்மின் ஈமெயிலுக்கு ரிக்கவரி லிங்க்கோடு தகவல் அனுப்புகிறது. எங்கள் குழு சைட்டில் அட்மின் ஈமெயில், போன் எடுக்காத அந்த ஆளுடையது! சைட் தன் கஷ்டத்தையெல்லாம் அவருக்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. குழுத் தலைவி அக்கா ஒருநாள், "ரெண்டு மாசமா ஒருத்தருங் கேக்கலியே கண்ணு, நம்ம சரக்கு புடிக்கலையோ என்னமோ" என்றார். விலையைக் குறைக்கலாமா என்று குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டர் படிவத்தை நானே நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். "நன்றி, உங்கள் செய்தி அனுப்பப்பட்டது" என்று பச்சையில் வந்தது. மெயில் வரவில்லை. ஸ்பேமிலும் இல்லை. அந்தப் படிவ பிளகின் செய்திகளைச் சேமித்து வைக்கும் ரகமும் இல்லை. ஆகவே அந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் ஜமக்காளம் கேட்டார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

காரணம் இதுதான். வேர்ட்பிரஸ் சாதாரணமாக சர்வரின் பிஹெச்பி மெயில் வழியாகக் கடிதத்தைத் தள்ளிவிடும். தள்ளினால் அதன் கணக்கில் வேலை முடிந்தது, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புகிறவர் விஷயத்தில் கெடுபிடியை அதிகமாக்கின. எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் என்ற அடையாளம் டொமைனில் இல்லாத கடிதம் வாசலிலேயே நிற்கலாம். குழு டொமைனில் இரண்டுமே இல்லை. அந்த அடையாளங்களைச் சேர்த்து, முறையான எஸ்எம்டிபி வழியாக அனுப்ப ஒரு பிளகின், வரும் செய்திகளை டேட்டாபேஸிலும் சேமிக்க ஒரு பிளகின் போட்டேன். கழித்துக்கொண்டே வந்தவள் இங்கே இரண்டைக் கூட்டினேன், இப்போது மொத்தம் 11. இந்த இரண்டுக்கும் சாவி கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

அன்றிலிருந்து வாரா வாரம் திங்கள் காலை படிவத்தில் என் பெயரில் ஒரு பொய் ஆர்டர் போடுகிறேன். ஐந்து நிமிடத்தில் அக்காவின் போனில் மணி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அவரே கூப்பிட்டு, "ஏங் கண்ணு, இன்னிக்கி உன்ற ஆர்டர் வரலியே" என்கிறார். டாஷ்போர்டு பச்சை காட்டுவதை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

வேலையை ஒப்படைக்கும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: டொமைன் யார் பெயரில், என்றைக்கு முடிகிறது, ஹோஸ்டிங் லாகின் எது, அட்மின் ஈமெயில் எது, எந்தெந்த பிளகின் எதற்காக. டொமைனும் அட்மின் ஈமெயிலும் சொந்தக்காரர் பெயரில்தான் இருக்க வேண்டும், நம் பெயரில் அல்ல. அந்த டொமைனைக் குழுவின் பெயருக்கு மாற்ற எனக்கு ஏழு வாரம் அலைச்சல். அப்புறம், செமஸ்டர் பரீட்சை வாரத்தில் பெரிய அப்டேட் எதையும் தொடாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமை மதியம் லேப்பில் ஃபோல்டர் பெயர் மாற்றும் வித்தையைச் செய்தே காட்டுகிறேன், பென் டிரைவ் மட்டும் கொண்டுவாங்க.