பன்னிரண்டு வருடம் கழித்துக் கழுத்தில் கட்டி

கேள்வி: என் அப்பாவுக்கு 69 வயது. 12 வருடங்களுக்கு முன் புற்றுநோய்க்காக இடது கிட்னியை எடுத்தார்கள். ஐந்து வருடம் ஸ்கேன் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்றார்கள். இப்போது கழுத்தில் கட்டி. தைராய்டு என்று ஊசி போட்டுப் பார்த்தும் ரிப்போர்ட் தெளிவாக இல்லை. டாக்டர் பழைய கிட்னி ரிப்போர்ட்டைக் கேட்கிறார். இத்தனை வருடம் கழித்து அது தைராய்டுக்குப் போகுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: போகும். அதனால்தான் டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்கிறார். ஆனால் இது பரவல்தான் என்று இப்போதே கலங்கிவிடாதீர்கள். இந்த வயதில் வரும் தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே.

சிறுநீரகப் புற்று வழக்கமாகப் பரவுவது நுரையீரல், எலும்பு, நிணநீர்க் கணு, கல்லீரல், மூளை ஆகிய இடங்களுக்கு. அபூர்வமாகத் தைராய்டு, கணையம், நாக்கு, மூக்கை ஒட்டிய சைனஸ், தலைத்தோல் என எதிர்பாராத இடத்திலும் தலைகாட்டும். பத்து, இருபது வருடம் அடங்கிக் கிடந்துவிட்டு வருவதும் உண்டு.

சிறுநீரகப் புற்றில் அதிகம் காணப்படும் 'கிளியர் செல்' வகையில் பெரும்பாலும் வி.ஹெச்.எல். என்ற மரபணு செயலிழந்திருக்கும். அதனால் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் இல்லாததுபோலவே அந்த செல்கள் நடந்துகொண்டு, புதுப்புது ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும். இப்படிப்பட்ட கட்டியில் ஊசி குத்தினால் ரத்தம்தான் நிறைய வரும், செல்கள் குறைவாகவே கிடைக்கும். அப்பாவின் ரிப்போர்ட் தெளிவில்லாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் அடுத்து சற்றுத் தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுத்து பயாப்ஸி செய்வார்கள்.

அந்தத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் உங்கள் அப்பாவைப் பார்த்ததே இல்லை. படிவத்தில் 'தைராய்டு கட்டி' என்று மட்டும் இருந்தால் அவருக்குக் கிட்னி ஞாபகமே வராது. தைராய்டிலேயே பிறக்கும் சில கட்டிகளிலும் செல்கள் கிளியர் செல் புற்றைப் போலவே வெளுத்துத் தெரியும். சிறுநீரகத்தைக் காட்டிக்கொடுக்கும் 'பாக்ஸ்-8' சாயம் தைராய்டு செல்லிலும் ஏறும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. கூடவே தைரோகுளோபுலின், டி.டி.எஃப்-1 சாயங்களும் போட வேண்டும். இந்த இரண்டும் ஏறாமல், சி.டி.-10, சி.ஏ.-9 போன்றவை ஏறினால் சந்தேகம் கிட்னி பக்கம் வலுவாகத் திரும்பும். ஆகவே, '12 வருடம் முன் சிறுநீரகப் புற்று' என்று படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம். பழைய மருத்துவமனையில் ரிப்போர்ட்டோடு ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு சொல்வது எளிது.

பரவல் என்று உறுதியானால், மார்பு, வயிறு முழுக்க கான்ட்ராஸ்ட் சி.டி. தேவைப்படும். இருப்பது ஒரே கிட்னி. கான்ட்ராஸ்ட் ஊசி போடும் முன் கிரியேட்டினின் பார்த்தார்களா என்று கேளுங்கள். பெட் ஸ்கேன் 'ஒன்றுமில்லை' என்றாலும் அதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிட முடியாது. இந்தப் புற்று சில சமயம் அதில் சரியாகத் தெரியாது.

இது எந்தப் புற்று என்று முடிவாவது சிகிச்சைக்கே அடிப்படை. தைராய்டு புற்றுக்குத் தரும் கதிரியக்க அயோடின் சிறுநீரகப் புற்றில் வேலை செய்யாது. வேறெங்கும் இல்லாமல் கழுத்தில் மட்டும் இருந்தால், ஆபரேஷனில் அகற்றிவிட்டுப் பல வருடம் நன்றாக இருப்பவர்கள் உண்டு. பல இடங்களில் இருந்தால், ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகளும் இம்யூனோதெரபியும் இருக்கின்றன. பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும், தைராய்டு சர்ஜனோடு ஒரு புற்றுநோய் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.