தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலையா? முதலில் விசா, அப்புறம்தான் டிக்கெட்

பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்தவரா நீங்கள்? அப்படியென்றால் "தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் தேவை, உடனே கிளம்பலாம்" என்ற விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். வேலை நிஜமாகவே இருக்கு. அங்குள்ள அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் வெளிநாட்டு ஆசிரியர்களை வருடம்தோறும் எடுக்கின்றன. அதே மாதிரி விளம்பரத்துக்குப் பின்னால் மோசடிக் கும்பலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "என்னை எந்த விசாவில் கூப்பிடுகிறீர்கள்?"

எந்த விசா?

பள்ளியில் வேலை பார்க்க 'நான் இமிகிரன்ட் பி' விசா வேண்டும். பள்ளி அனுப்பும் அழைப்புக் கடிதம், வேலை ஒப்பந்தம், உங்கள் சான்றிதழ்கள் ஆகியவற்றோடு தாய்லாந்து அரசின் இ-விசா தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக 90 நாள் தங்க அனுமதி கிடைக்கும். அதற்குள் பள்ளி உங்களுக்கு வேலை அனுமதி, அதாவது 'ஒர்க் பெர்மிட்' வாங்கித் தரும். பிறகு தங்கும் காலம் நீட்டிக்கப்படும்.

"முதலில் டூரிஸ்டா வாங்க, வந்தப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஒர்க் பெர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் உண்டு. நாட்டை விட்டும் அனுப்பிவிடுவார்கள். அந்த அவஸ்தை உங்களுக்குத்தான், கூப்பிட்டவருக்கு இல்லை.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. தாய்லாந்தில் வேலை என்று சொல்லி ஆட்களை அழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்து வைக்கும் கும்பல்கள் பற்றி இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022-ல் எச்சரித்தது. சுலபமான இன்டர்வியூ, ஒரு டைப்பிங் டெஸ்ட், பெரிய சம்பளம், டிக்கெட்டும் அவர்களே போடுவது என்பவை அந்த மோசடியின் அடையாளங்கள். நிஜமான பள்ளி டைப்பிங் வேகத்தைக் கேட்காது, வீடியோ காலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும்.

உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

இளநிலைப் பட்டம் அடிப்படை. 120 மணி நேர 'டெஃபல்' சான்றிதழ் கூடுதல் பலம். ஆனால் பட்டத்துக்குப் பதிலாக அதைக் காட்ட முடியாது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் 'டோயிக்' போன்ற தேர்வு மதிப்பெண்ணும் கேட்பார்கள். தாய்லாந்து ஆசிரியர் கவுன்சிலின் உரிமம் இல்லாதவர்களுக்குப் பள்ளி மூலமாகத் தற்காலிக அனுமதி கிடைக்கும்.

சில பள்ளிகள் விளம்பரத்திலேயே 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்று போடும். அதைப் பார்த்துச் சோர்ந்து போக வேண்டாம். அங்கே வெளிநாட்டு ஆசிரியர்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறைய பேர். அவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான்.

ஊரில் இருந்தபடியே முடிக்க வேண்டியவை

1. பாஸ்போர்ட்: எம்பாஸ்போர்ட் சேவா செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். ஏற்கெனவே இருந்தால் எப்போது காலாவதி ஆகிறது என்று பாருங்கள்.

2. காவல்துறை நன்னடத்தைச் சான்று: வெளிநாட்டு வேலைக்கு இதைப் பாஸ்போர்ட் அலுவலகம்தான் தருகிறது. கட்டணம் 500 ரூபாய். உள்ளூர் வேலைக்காகக் காவல்துறைத் தளத்தில் எடுக்கும் சரிபார்ப்புச் சான்று வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

3. சான்றொப்பம்: பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம் என்ற வரிசையில் சான்றொப்பம் வாங்க வேண்டும். ஜப்பான், தென் கொரியா போன்ற நாடுகளுக்கு 'அபோஸ்டில்' முத்திரை போதும். தாய்லாந்துக்கு எந்தெந்தச் சான்றிதழில் தூதரக முத்திரை தேவை என்பதைப் பள்ளியிடமும், சென்னையிலேயே உள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இ-சனத் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் இருந்தால் அலைச்சல் குறையும்.

4. இமைக்ரேட் பதிவு: குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. இருந்தாலும் இமைக்ரேட் தளத்தில் விருப்பப் பதிவு செய்து வையுங்கள். நீங்கள் எங்கே, யாரிடம் வேலைக்குப் போகிறீர்கள் என்பது அரசிடம் பதிவாகி இருக்கும்.

5. ஏஜென்ட்: ஏஜென்ட் மூலம் போவதானால் அவருடைய உரிம எண்ணை அதே தளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், கூடவே ஜி.எஸ்.டி. ரசீது தராதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் தளத்தில் வரும் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள்.

6. போன் நம்பரும் வங்கியும்: ஆதாரோடும் வங்கியோடும் இணைத்த சிம்மைக் கைவிடாதீர்கள். ஓ.டி.பி. வராவிட்டால் எந்தச் சேவையும் நகராது. ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்காக வெளிநாடு போகிறவர்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது

அங்கே பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடியும். சில பள்ளிகள் 10 மாதத்துக்குத்தான் ஒப்பந்தம் போடும். கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, ஒர்க் பெர்மிட் செலவு யாருடையது, மருத்துவக் காப்பீடு உண்டா, வாரத்துக்கு எத்தனை பீரியட் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தேதிகள் புத்த ஆண்டில் இருக்கலாம். நம் ஆண்டோடு 543 கூட்டினால் கிடைப்பது அது. 2568 என்று இருந்தால் 2025 என்று அர்த்தம்.

இறங்கியதும்

போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. விமான நிலையத்திலிருந்து பள்ளி போய்ச் சேரும் வரை லைவ் லொகேஷனை வீட்டாருக்குப் பகிருங்கள்.

நீங்கள் தங்கும் வீட்டின் உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு உங்களைப் பற்றித் தெரிவிக்க வேண்டும். டி.எம்.30 என்பது அந்தப் படிவம். அதன் நகல் இல்லையென்றால் பின்னால் விசா நீட்டிப்பில் இழுபறி வரும். நாட்டிலேயே தொடர்ந்து இருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். போன் காலண்டரில் இப்போதே நினைவூட்டல் வையுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறீர்களா? 'ரீ என்ட்ரி பெர்மிட்' வாங்காமல் விமானம் ஏறினால், நீட்டித்து வாங்கிய அனுமதி அத்தோடு ரத்து. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதேபோல் தங்கும் அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் அனுமதியும் முடியும். அடுத்த பள்ளி உறுதியாகும் முன் ராஜினாமா வேண்டாம்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். வாடகை முன்பணத்தோடு இரண்டு மாத டெபாசிட்டும் பல இடங்களில் கேட்பார்கள்.

வகுப்பறையும் ஊரும்

காலை 8 மணிக்குக் கொடியேற்றமும் தேசிய கீதமும். எல்லாரோடும் நீங்களும் நிற்க வேண்டும். மாணவர்கள் உங்களை 'க்ரூ' என்று அழைப்பார்கள், நம் 'குரு'தான் அது. கைகூப்பும் வணக்கமும் நமக்குப் புதிதில்லை. நம்மூரில் பிள்ளையின் தலையில் கை வைப்பது பாசம். அங்கே தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. அரச குடும்பத்தைப் பற்றிக் கேலியாகவோ விமர்சனமாகவோ எதுவும் பேச வேண்டாம், பகிரவும் வேண்டாம். அந்தச் சட்டத்தில் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை உண்டு.

தாய் மொழியில் சொல்லின் கடைசியில் 'ல்' ஒலி நிற்காது, 'ன்' ஆகிவிடும். அதனால் குழந்தைகள் 'ஃபுட்பால்' என்பதை 'ஃபுட்பான்' என்பார்கள். வினைச்சொல்லும் காலத்துக்கு ஏற்ப மாறாது. நேற்று, நாளை என்ற சொற்களே வேலையை முடித்துவிடும். 'கோ', 'வென்ட்' ஏன் மாறுகிறது என்று அவர்கள் திணறுவது இதனால்தான். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்லித் திருத்திக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். குழந்தை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்பது நமக்குத் தெரியும். மாதிரி வகுப்பில் அதைக் காட்டுங்கள்.

தமிழ்க் குரல் கேட்க வேண்டும் போலிருந்தால் பாங்காக் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டியே அவர்களுக்கும் 'சொங்க்ரான்' புத்தாண்டு.

பிரச்சினை வந்தால்

பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால், சம்பளம் தராவிட்டால் பாங்காக் இந்தியத் தூதரகத்தையோ சியாங் மாய் இந்தியத் துணைத் தூதரகத்தையோ அணுகுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் புகாரைப் பதிந்தால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அவசரத்துக்குத் தாய்லாந்து காவல்துறை எண் 191. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை உதவி மைய எண்ணைக் கிளம்பும் முன்பே உங்கள் போனிலும் வீட்டார் போனிலும் சேமித்து வையுங்கள். அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராவதும் ஆன்லைனில்தான்.

டிக்கெட் போடும் முன் சரிபார்க்க

✓ பாஸ்போர்ட்டுக்குரிய 'நான் இமிகிரன்ட் பி' விசா கிடைத்துவிட்டதா?
✓ இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உள்ளதா?
✓ பள்ளியின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசி, வேலையை உறுதி செய்தீர்களா?
✓ எல்லா ஆவணங்களின் நகலும் வீட்டில் ஒருவரிடம் இருக்கிறதா?

நான்கில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். ஒரு பருவம் தவறினாலும் அடுத்த பருவம் நவம்பரில் தொடங்கும், அப்போதும் ஆள் எடுப்பார்கள்.