இரவிலே இறங்கும் பேட்டரி: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?



மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு டாக்ஸி ஓட்டும் நம்முடைய சகோதரர் ஒருவர், விடியற்காலை மூன்று மணிக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குச் சவாரி போகவேண்டும் என்று எழுந்து சாவியைத் திருப்பினார். "டிக் டிக்" என்ற சத்தம்தான் வந்தது, செல்ஃப் எடுக்கவில்லை. பயணிகள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். அந்த விடுதிக்காரர் அதற்குப் பிறகு இவரைக் கூப்பிடவே இல்லை. ஒரே வருஷத்தில் அது இரண்டாவது பேட்டரி! மனைவியின் கம்மலை அடகு வைத்து வாங்கியது. "பாஸ்டர், மூணாவது வாங்கணும்னு கடையில சொல்றாங்க" என்று வந்து நின்றார்.

வேதாகமக் கல்லூரிக்குப் போகுமுன் நான் நாலு வருஷம் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்த்தவன். "இப்போ வாங்காதீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? குழாய் ஒழுகும்போது தொட்டியை மாற்றி என்ன பிரயோஜனம்? புது பேட்டரிக்குப் பலம் அதிகம். இரவெல்லாம் கரண்ட் கசிந்தாலும் காலையில் எப்படியோ செல்ஃப் அடித்துவிடும். நாமும் "சரியாயிடுச்சு" என்று இருந்துவிடுவோம். ஆனால் தினமும் அப்படி இறங்கி இறங்கி, உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போகும். சில மாதத்தில் அதுவும் பழைய பேட்டரியாகிவிடும்.

கணக்கைக் கவனியுங்கள். சிறிய கார்களில் சாதாரணமாக இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. வண்டி நிற்கும்போதும் கடிகாரம், சென்ட்ரல் லாக் போன்றவற்றுக்கு 0.02 முதல் 0.05 ஆம்பியர்வரை ஓடுவது இயல்புதான். 0.03 என்று வைத்தால் ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கி வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற நல்ல கார்களும் ஸ்டார்ட் ஆகாமல் போனது இதனால்தான். அது குற்றமல்ல. ஆனால் ஒரே இரவில் இறங்குகிறது என்றால், கசிவு பெரியதாக இருக்கவேண்டும், அல்லது பேட்டரி முன்னமே பலவீனமாக இருக்கவேண்டும். பார்க்கிங் லைட்டுகளை மறந்து விட்டாலே இரண்டு ஆம்பியருக்கு மேல். பத்து மணி நேரத்தில் 20 போய்விடும். பத்து வாட் ரூம் லைட் எட்டு ஆம்பியர்-மணி எடுக்கும். நல்ல பேட்டரி அதைத் தாங்கும், நோஞ்சான் பேட்டரி தாங்காது.

முதலில் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். என்ஜின் ஓடும்போது மீட்டரில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்கவேண்டும். அணைத்து சில மணி நேரம் கழித்து 12.6 இருந்தால் நிறைவு; 12.2 என்றால் பாதிதான். மீட்டர் இல்லாதவர்கள், ராத்திரி நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் மாட்டியதும் சுளுவாக ஸ்டார்ட் ஆனால் கசிவு வண்டியில். கழற்றி வைத்தும் இறங்கியிருந்தால் கோளாறு பேட்டரியிலேயே.

கடற்கரையில் வாழும் நமக்கு இன்னொரு காரியம் உண்டு. உப்புக்காற்றின் ஈரமும், அமில ஆவியும், தூசியும் சேர்ந்து பேட்டரியின் மேல்மூடியில் பசைபோலப் படியும். அந்த அழுக்கின் வழியாகவே பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்குக் கரண்ட் மெல்ல ஓடும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவில் வைத்து, மறுமுனையைப் பிளாஸ்டிக் மூடிமேல் தடவிப் பாருங்கள். வோல்ட் காட்டினால் கசிவு உண்டு. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். செல்லுக்குள் ஒரு சொட்டும் இறங்கக்கூடாது. டாக்ஸிச் சகோதரரின் மூடியிலும் அரை வோல்ட் காட்டியது! துடைத்தோம், ஆனாலும் மறுநாள் காலை பேட்டரி இறங்கியே இருந்தது.

அடுத்தது அளவெடுப்பு. மல்டிமீட்டரில் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய நெகட்டிவ் வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே இணைக்கவேண்டும். இணைத்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்.

இங்கேதான் அநேகர் அவசரப்படுகிறார்கள். புதிய வண்டிகளில் கதவைச் சாத்தியபிறகும் கம்ப்யூட்டர் பெட்டிகள் தூங்கச் சில நிமிஷமாகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். அதற்குள் மீட்டர் இரண்டு, மூன்று ஆம்பியர்கூடக் காட்டும். காத்திருங்கள். கதவைத் திறந்து வைத்து வேலை செய்வதானால் கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிவிடுங்கள். வண்டி கதவு சாத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மீட்டர் 1.4-ல் நின்றுவிட்டது. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். ஒன்பதாவதைப் பிடுங்கினதும் 0.03-க்கு விழுந்தது! அது பாட்டு செட்டின் ஃப்யூஸ். எங்கோ வெளியில் பொருத்திய ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் சின்ன வயரை, சாவி இல்லாமலும் கரண்ட் இருக்கும் இடத்தில் முறுக்கி விட்டிருந்தார்கள். பாட்டு பாடாமலே ராத்திரி முழுவதும் அது விழித்திருந்தது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயருக்கு மாற்றினோம். இரண்டடி வயரும் இன்சுலேஷன் டேப்பும்தான் செலவு. "இதுக்கா ரெண்டு பேட்டரி வாங்கினேன்?" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

உங்கள் வண்டியில் அது டிக்கி லைட்டாக இருக்கலாம். மூடினபின் அணைகிறதா என்று தெரியாவிட்டால், போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள், சாட்சி கிடைத்துவிடும். பின்னால் பொருத்திய அலாரம், ஜிபிஎஸ் கருவி, ஒட்டிக்கொண்ட ரிலே, எல்லாவற்றையும் சந்தேகியுங்கள்.

எல்லா ஃப்யூஸையும் பிடுங்கியும் மீட்டர் இறங்கவில்லையானால், ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போகாத தடித்த வயர்களைப் பாருங்கள். முக்கியமாக ஆல்டர்னேட்டர். அதற்குள்ளிருக்கும் டயோடு கெட்டால், பகலில் ஓரளவு சார்ஜ் கொடுத்துவிட்டு ராத்திரியில் திரும்ப உறிஞ்சும். அதைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோங்கள். போகும்போது நீங்கள் எடுத்த அளவுகளையும், எந்த ஃப்யூஸைப் பிடுங்கினபோது என்ன காட்டியது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள். அவரும் பார்க்காமலே "புது பேட்டரி போடுங்க" என்று சொன்னால், அந்தச் சீட்டை நீட்டி, "அண்ணே, இந்த கரண்ட் எங்கே போகுதுன்னு முதல்ல சொல்லுங்க" என்று கேளுங்கள்.