பில் கவுண்ட்டரில் நிற்கும் மருமகளுக்கு

திண்டுக்கல்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். சனிக்கிழமை பாலஸ்தீனத்துக்காக டப்ளினில் ஊர்வலம் போகிறாய், மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நிற்கிறாய். இஸ்ரேல் பேரீச்சம்பழப் பெட்டி வரும்போது கை கூசுகிறது, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் முடியாதென்று சொல்லிவிடப் போகிறேன் என்கிறாய். சொல்லாதே என்று நான் எழுத மாட்டேன். தனியாகச் சொல்லாதே என்றுதான் எழுதுகிறேன்.

நீ இருக்கும் ஊரிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஹென்றி தெருவில் டன்ஸ் ஸ்டோர்ஸ் என்ற கடை. 1984 ஜூலை 19 அன்று மேரி மேனிங் என்ற பெண் அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தாள். வயது இருபத்தொன்று. ஒரு வாடிக்கையாளர் தென்னாப்பிரிக்க கிரேப்ஃப்ரூட் கொண்டுவந்து வைத்தார். நம் பம்ளிமாஸுக்குச் சொந்தக்காரப் பழம். இதை நான் பில் போட மாட்டேன் என்றாள். சஸ்பெண்ட் செய்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அவளோடு வெளியே வந்துவிட்டார்கள். நிறவெறி ஆட்சி நடத்திய நாட்டின் பழத்தைத் தொட மாட்டோம் என்ற அந்த வேலைநிறுத்தம் இரண்டே முக்கால் வருடம் நீடித்தது.

கதை சொல்கிறவர்கள் ஒற்றைப் பெண் உலகத்தை எதிர்த்து நின்றாள் என்று சொல்லி மெய்சிலிர்ப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அன்று காலை அவள் மனசாட்சி திடீரென்று விழித்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே அவர்களுடைய சங்கம் மாநாட்டில் தீர்மானம் போட்டிருந்தது, தென்னாப்பிரிக்கப் பொருளை உறுப்பினர்கள் கையாளக் கூடாதென்று. அந்த உத்தரவு கடைக்கு வந்தது. கேரன் கியரன் என்ற சங்கப் பிரதிநிதி, அவளும் சின்னப் பெண்தான், அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். மேரி வாயைத் திறந்தபோது பின்னால் ஒரு தீர்மானம் இருந்தது, கூட எழுந்துவர ஆட்கள் இருந்தார்கள். அது இல்லாமல் அவள் பேசியிருந்தால் அன்று சாயங்காலமே வேறு ஒருத்தி அந்த கவுண்ட்டரில் நின்றிருப்பாள். நமக்கு அவள் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

தீர்மானம் போடுவது பெரிய காரியமா என்று கேட்பாய். எங்கள் எல்.ஐ.சி. சங்கக் கூட்டங்களிலும் தென்னாப்பிரிக்காவுக்காகக் கை தூக்கியிருக்கிறோம். தூக்கிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போவோம். இந்தியா 1946-லேயே அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்திவிட்டதால், எங்கள் தீர்மானத்துக்கு நாங்கள் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. அந்த டப்ளின் பிள்ளைகளுக்குச் சம்பளம் போயிற்று. சங்கம் கொடுத்த வாரம் இருபத்தொரு பவுண்டில் வாடகையும் சாப்பாடும் பார்க்க வேண்டியிருந்தது. குளிரில், மழையில் கடை வாசலில் நின்றார்கள். போகிற வருகிறவர்களில் சிலர் திட்டினார்கள், துப்பினார்கள். சில நாளில் முடிந்துவிடும் என்று நினைத்து இறங்கியவர்கள் அவர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் நிம்ராட் செஜாகே. தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கக்காரர். 1956-ல் மண்டேலாவோடு தேசத்துரோக வழக்கில் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர். நாடு கடந்து அயர்லாந்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த மறியலுக்கு வந்து கூடவே நிற்க ஆரம்பித்தார். வேலைநிறுத்தம் தொடங்கியபோது அந்தப் பிள்ளைகளுக்குத் தென்னாப்பிரிக்காவைப் பற்றி அதிகம் தெரியாது. கறுப்பின மக்களை அனுமதிச் சீட்டோடு நடமாட வைத்த பாஸ் சட்டம் என்றால் என்ன, யார் எங்கே குடியிருக்கலாம், யாருக்கு ஓட்டு இல்லை, எல்லாவற்றையும் அவர்தான் நடைபாதையில் நின்று சொல்லிக்கொடுத்தார். சங்கத்தின் உத்தரவுக்காக வெளியே வந்தவர்கள், அவர் பேச்சைக் கேட்டபிறகு திரும்பிப் போக முடியாதவர்களானார்கள். நீ ஊர்வலத்தில் பதாகை பிடிப்பது நல்லதுதான். ஆனால் அங்கே காஸாவிலிருந்தோ மேற்குக் கரையிலிருந்தோ வந்த ஒருவரோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாயா? அவர் ஊரில் என்ன விளையும், அண்ணன் தம்பி எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறாயா? முதலில் அதைச் செய். நீ பேசுவதைக் குறைத்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேள்.

அதோடு, அங்கே இருக்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதையும் பார். தென்னாப்பிரிக்கப் பொருளை வாங்காதீர்கள் என்று வெளிநாட்டுக்காரர்களாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆல்பர்ட் லுத்துலி போன்ற அங்கத்தியத் தலைவர்கள் ஐம்பதுகளின் கடைசியிலேயே கேட்டார்கள். பாலஸ்தீன அமைப்புகளும் 2005-ல் நூற்றுக்கும் மேல் ஒன்றுசேர்ந்து புறக்கணிப்புக்கு அழைப்பு விட்டிருக்கின்றன. அதைப் படி. அவர்கள் கேட்காததை நாமாக அவர்களுக்குச் செய்துவிட்டுப் பெருமைப்படுவது ஒரு வகை அதிகாரம்தான்.

இதை நம் ஊரில் இருந்துகொண்டு பார்த்ததால் சொல்கிறேன். 2021-ல் இங்கே ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டது உனக்கு நினைவிருக்கும், ஊரே பேசியது. வெளிநாட்டு அமைப்புகள் ஆதரவு கொடுத்தன. ஆனால் நின்று போராடியது இங்கத்தியச் சங்கம், பெரும்பாலும் தலித் பெண்கள் இருக்கும் சங்கம். 2022-ல் வந்த திண்டுக்கல் ஒப்பந்தத்தில் ஆலை நிர்வாகத்தோடு எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். போன்ற பெரிய பிராண்டுகளும் கட்டுப்பட வேண்டியதாயிற்று. பாலியல் தொல்லையைப் பற்றித் தளத்தில் கண்காணிக்கும் பெண்களை வைக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. என்ன வேண்டும் என்பதை இங்கே இருந்தவர்கள் சொன்னார்கள், தூரத்தில் இருந்தவர்கள் அழுத்தம் கொடுத்தார்கள். முறை அதுதான்.

பலன் எப்போது தெரியும் என்று கேட்காதே. 1974-ல் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடில் ரோல்ஸ் ராய்ஸ் தொழிலாளர்கள், ராணுவப் புரட்சியில் ஆட்சியைக் கவிழ்த்த சிலி விமானப்படையின் எஞ்சின்களைப் பழுதுபார்க்க மாட்டோம் என்றார்கள். எஞ்சின்கள் வெளியே மழையில் கிடந்தன. 1978-ல் ஒரு ராத்திரி யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். என்ன சாதித்தோம் என்பது தெரியாமலே பல பத்தாண்டுகள் அவர்கள் வாழ்ந்தார்கள். டப்ளின்காரர்களுக்குக் கொடுப்பினை இருந்தது. 1987-ல் அயர்லாந்து அரசே தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதியைத் தடை செய்தது. 1990-ல் மண்டேலா டப்ளினுக்கு வந்தபோது அவர்களைச் சந்தித்தார்.

இனி காரியத்துக்கு வருகிறேன். நீ மாணவர் விசாவில் இருக்கிறாய். படிப்பு நடக்கும் மாதங்களில் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை. மேரி மேனிங் அந்த நாட்டுப் பிரஜை, உன் நிலை வேறு. ஆகவே, மேரியின் பழைய சங்கம் இணைந்து உருவான மேண்டேட் சங்கத்தில் பகுதிநேர ஊழியரைச் சேர்த்துக்கொள்வார்களா, வேலை போனால் உன் விசாவுக்கு என்ன ஆகும் என்று நேரில் போய் விசாரி. கடையில் உன்னைப் போல நினைக்கிறவர் யார் என்று மெதுவாகப் பேசிப் பார். நாலு பேர் சேர்ந்தால் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அதுவரை பெட்டியை பில் போடு, தப்பில்லை.

உன் அப்பாவிடம் இதெல்லாம் நீயாகச் சொல்ல வேண்டாம். உனக்காகக் கல்விக் கடன் வாங்கிய மனிதர், பதறிப்போவார். தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு வரும்போது நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அத்தை