ரிட்டயர் ஆகிறேன் என்ற கும்மித் தம்பிக்கு

ஊத்துக்குளித் தம்பிக்கு,

வள்ளி கும்மியிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டதாகக் குழுவின் வாட்ஸப்பில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். பனியன் கம்பெனியில் பகல் ஷிப்ட் இரவுவரை நீள்கிறது. ஓவர்லாக் மெஷினை மிதித்த காலோடு வந்து, குனிந்து நிமிர்ந்து கைதட்டிச் சுழலும்போது பாரமெல்லாம் ஒரு முழங்காலில் இறங்குகிறது. அலுப்பு நியாயமானதுதான். ஆனால் இது எந்த ரிட்டயர்?

கிரிக்கெட்டில் இதற்குக் கறாரான விதி உண்டு. அடிபட்டோ உடம்புக்கு முடியாமலோ தவிர்க்க முடியாத காரணத்தாலோ வெளியே போகிறவர் நாட் அவுட். தேறியதும் வந்து ஆடலாம். வேறு காரணத்துக்குப் போனால் ‘ரிட்டயர்ட் அவுட்’. எதிரணி கேப்டன் சம்மதித்தால்தான் மறுபடி இறங்கலாம். 2022 ஏப்ரல் 10 அன்று ராஜஸ்தானுக்காக லக்னோவுக்கு எதிராக 23 பந்தில் 28 ரன் எடுத்திருந்த அஸ்வின், ரியான் பராக் இறங்கட்டும் என்று தானாகவே வெளியேறினார். ஐபிஎல்லில் அப்படிப் போன முதல் ஆள் அவர்தான். ராஜஸ்தான் 3 ரன்னில் ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் அஸ்வினும் ஆடினார். அதே மனிதர் 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில், தொடர் முடியுமுன்பே, 537 டெஸ்ட் விக்கெட்டோடு சர்வதேச கிரிக்கெட்டுக்கே விடைகொடுத்தார். இரண்டும் ரிட்டயர்தான். முன்னது அந்த ஒரு இன்னிங்ஸுக்கு, பின்னது ஒரேயடியாக.

துரத்தப்பட்டு விலகுவது இன்னொரு வகை. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், நம் கொங்கு மண்ணின் பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்து, தன் புத்தகங்களை விற்க வேண்டாம் என்றார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அடுத்த மாதமே ‘கோழையின் பாடல்கள்’ என்ற கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. வெளியே விலகியிருந்த நாட்களிலும் உள்ளே கவிதை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உங்களை யாரும் துரத்தவில்லை, தம்பி. வாட்ஸப்பில் போட்ட அந்த வரியில் ஏன் அத்தனை கோபம்?

தேக்கம்பட்டி பத்ரப்பன் வள்ளி கும்மிக்காகப் பத்மஸ்ரீ பெற்றது 2024இல், 87 வயதில். பெண்களுக்கும் கும்மி கற்றுக்கொடுத்த ஆசிரியர் அவர். ஆடுவது மட்டுமே கும்மி இல்லை; ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டும் கும்மியிலேயே இருக்கலாம்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நேராக உங்கள் குழுவின் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். முழங்கால் தேறும்வரை ஆடவில்லை, பின்பாட்டுப் பாடுகிறேன் என்று வாயால் சொல்லுங்கள். அடுத்த அரங்கேற்றத்தில் வரிசையில் உங்கள் இடத்துக்கு யார் வருவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.