வேதியியலா, உயிர்வேதியியலா? பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பல வீடுகளில் ஓடும் கேள்வி இது: பி.எஸ்சி. வேதியியல், பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டில் எதற்கு வேலை கிடைக்கும்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தோடு படிப்பை நிறுத்தும் எண்ணம் இருந்தால் வேதியியல். எம்.எஸ்சி. வரை படிக்க வீட்டில் வசதியும் உங்களுக்குத் தெம்பும் இருந்தால் உயிர்வேதியியலையும் யோசிக்கலாம்.

படி 1: பாடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேதியியலில் ஆர்கானிக், இனார்கானிக், பிசிக்கல் என மூன்று பெரிய பிரிவுகள். மூன்றாவதில் கணக்கு நிறைய வரும். உயிர்வேதியியலில் நொதிகள், புரதங்கள், டி.என்.ஏ., வளர்சிதை மாற்றம். மனப்பாடச் சுமை அதிகம். பல கல்லூரிகள் இதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் கேட்கும் என்பதால், கணினி அறிவியல் குரூப் மாணவர்கள் முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வக வேலையும் வேறு. பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக விழுந்து, வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் அந்த ஒரு சொட்டுக்காகப் பியூரெட்டையே பார்த்துக்கொண்டிருப்பது வேதியியல். சீரத்தை மைக்ரோபிப்பெட்டில் எடுத்து, வினைப்பொருள் சேர்த்து, கலரிமீட்டரில் சர்க்கரை அளவைக் கண்டுபிடிப்பது உயிர்வேதியியல். எது அலுக்காது என்று யோசியுங்கள்.

படி 2: வேலை அறிவிப்பைப் பிடித்துப் பின்னோக்கி வாருங்கள்

இதுதான் முக்கியமான படி. கல்லூரி விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த பதவியின் பழைய அறிவிப்பைத் தேடி எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியை மட்டும் வரி விடாமல் படியுங்கள்.

பள்ளி ஆசிரியராக ஆசையா? யோசிக்காமல் வேதியியல். பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் அது இருக்கிறது. உயிர்வேதியியல் சொற்பப் பள்ளிகளில்தான். ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பில் இரண்டு பாடங்களின் காலியிடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவியில் கதை தலைகீழ். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உயிர்வேதியியலில் பட்டம் இருந்தால் போதும். வேதியியல்காரர்களுக்கு முதுகலை வேண்டும். இது தெரியாமல் வேதியியலில் சேர்ந்தவர்கள் உண்டு.

அரசு மருத்துவமனை லேப் டெக்னீசியன் ஆகலாம் என்று நம்பி உயிர்வேதியியலில் சேராதீர்கள். அதற்குக் கேட்பது மருத்துவ ஆய்வக நுட்பப் படிப்பு. புதுப் பெயர் சூட்டிய பட்டங்களிடமும் கவனம் தேவை. 'அப்ளைடு', 'இண்டஸ்ட்ரியல்' என்று முன்னொட்டு இருந்தால், அது வேதியியல் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

படி 3: எம்.எஸ்சி. வழி

வேதியியல் படித்தவரைப் பல பல்கலைக்கழகங்கள் எம்.எஸ்சி. உயிர்வேதியியலில் சேர்த்துக்கொள்கின்றன. உயிர்வேதியியல் படித்தவர் எம்.எஸ்சி. வேதியியலுக்கு வருவது கஷ்டம். ஐ.ஐ.டி.களுக்கான ஜாம் தேர்வில் வேதியியலுக்குத் தனித் தாள். உயிர்வேதியியல் மாணவர்கள் பெரும்பாலும் பயோடெக்னாலஜி தாள் எழுதுகிறார்கள். கேட் தேர்வின் உயிர் அறிவியல் தாளிலும் வேதியியல் பகுதி கட்டாயம், ஆக அதை விட்டு ஓட முடியாது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு என்றால் வேதியியல்காரருக்கு வேதி அறிவியல் தாள், உயிர்வேதியியல்காரருக்கு உயிர் அறிவியல் தாள்.

ஆராய்ச்சிக்குப் போய்விட்டால் இந்த வேலி அவ்வளவு உறுதியானதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் படித்தது இயற்பியல், ஆராய்ந்தது ரைபோசோம், 2009இல் வாங்கியது வேதியியல் நோபல்.

படி 4: தனியார் வேலை எங்கே?

வேதியியலுக்கு ஊர்ப் பெயரே சொல்லலாம்: மணலி பெட்ரோகெமிக்கல், கடலூர் சிப்காட், ராணிப்பேட்டை தோல், திருப்பூர் சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. மருந்துக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியை ஓட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. உயிர்வேதியியலுக்கு ஏற்ற தடுப்பூசி, உயிரி மருந்து நிறுவனங்கள் ஹைதராபாத், பெங்களூருப் பக்கம் அதிகம்; அங்கே எம்.எஸ்சி.க்காரர்களோடு போட்டி போட வேண்டும். உடனே சம்பளம் வேண்டுமென்று சென்னையில் மெடிக்கல் கோடிங்கில் சேருகிறவர்கள் ஏராளம். மோசமான வேலை இல்லை. ஆனால் மூன்று வருடம் கற்ற ஆய்வகத் திறமைக்கு அங்கே வேலையே இல்லை.

படி 5: சேரும் முன் ஆய்வகத்தைப் பாருங்கள்

முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்: சென்ட்ரிஃபியூஜ், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் எல்லாம் உங்கள் கையால் இயக்கினீர்களா, இல்லை கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா? கடைசி ஆண்டு புராஜெக்ட்டை எங்கே செய்தார்கள் என்றும் விசாரியுங்கள். காசு கொடுத்து வெளியில் செய்து வாங்கும் வழக்கம் இருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.